திருப்பி விடக்கூடாத மீன்

அந்த வருடம் எங்கள் வீட்டில் சாவுத் துடக்கு இருந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றாள் அக்கா. சுவாமிப் படத்துக்கு அவள் விளக்கேற்றவில்லை. கோயில் பக்கம் போகவில்லை. இல்லை என்றார் அத்தான். இல்லை என்பதைக் காட்டுவதற்காகவே, முன்பெல்லாம் திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற மனிதர், வெள்ளிக்கிழமை தவறாமல் வேலையால் வந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போய்வந்தார். செத்த வீட்டுக்காரன் கோயில் வாசலை மிதிக்க மாட்டான் அல்லவா. லண்டன் அப்டன் பார்க்கில், கோழிக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன வீட்டின் ஒரு பாதியில் சாவு நடந்திருந்தது. மறுபாதியில் நடக்கவில்லை. நான் நடுவில், முன்னறையில், மெத்தை விரித்துப் படுத்திருந்தேன்.

காணாமல் போனது அத்தானின் தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போரால் தரைப்பாதை மூடிக்கிடந்ததால் யாழ்ப்பாணத்துச் சனம் கடல்நீரேரியைப் படகில் கடந்துதான் வெளியே வரவேண்டியிருந்தது. "நீ கொழும்புக்கு வந்து சேர், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று தம்பிக்குச் சொன்னவர் அத்தான்தான். அவன் படகில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. அந்தப் படகில் போன மற்றவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை.

தொலைபேசி நான் படுக்கும் முன்னறையில் இருந்தது. வெளிநாட்டு அழைப்பென்றால் எடுத்தவுடன் குரல் வராது. முதலில் ஒரு சொடுக்கு, பிறகு நீளமாக ஓர் இரைச்சல், சங்கைக் காதில் வைத்ததுபோல. சில வேளைகளில் அந்த இரைச்சல் மட்டும் வந்து, எவரும் பேசாமல் அறுந்துபோகும். அத்தான் அந்த இரைச்சலைப் பார்த்து, "ஹலோ, தம்பியோ? சத்தமாக் கதை, தம்பி" என்பார். அறுந்த பிறகும் சற்று நேரம் காதிலிருந்து எடுக்க மாட்டார். வேலை முடிந்து வந்தால் இருக்கை அதன் பக்கத்தில்தான். அதுவரைக்கும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவன் காணாமல் போனதோடு அதை நிறுத்திவிட்டார். 'டேய்' என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டுவார்.

மாதங்கள் போயின. ஐப்பசி முடிகிற வேளையில் அத்தானின் அம்மா எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து தொலைபேசியில் கூப்பிட்டா. நான் அந்த அறையில்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவவின் குரல் எனக்கும் கேட்டது.

"பிள்ளை, கனவில வாறான். பசிக்குது அம்மா எண்டுறான். நான் இஞ்ச அவனுக்கு எட்டுச் செலவு செய்யப்போறன். நீயும் உங்க செய். நீதானே அவனுக்கு மூத்தவன்."

அத்தான் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

எட்டுச் செலவு என்பது செத்தவருக்குச் சாப்பாடு வைக்கும் சடங்கு. எட்டாம் நாள் செய்ய வேண்டியது. உடலே கிடைக்காதவனுக்கு எது எட்டாம் நாள்? தாய் சொன்ன நாள்தான். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் வெளியே நிற்பார்கள். போனவர் வந்து சாப்பிட்டு முடியும்வரை எவரும் உள்ளே போகக் கூடாது. குறுக்கே போனால் பாதியில் எழும்பிப் போய்விடுவார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அப்படிப் போனால் பசி தீராது.

"ஞாயிற்றுக்கிழமை வைப்பம்" என்றாள் அக்கா. "அவனுக்குக் கொடுவா எண்டா உயிர். கிரீன் ஸ்ட்ரீட்டில பங்களாதேஷ் கொடுவா வந்திருக்கு. வாங்கிக்கொண்டு வாறன்."

"ஐஸ் மீனையோ அவனுக்கு வைக்கப்போறாய்?" அத்தான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "கண்ணைப் பாத்தனியே அதின்ர? பால் விழுந்த கண். உயிர்க் கொடுவா கிடைச்சா வைக்கிறன். இல்லையெண்டா இல்லை."

இங்கிலாந்தில் உயிர்க் கொடுவா கிடைக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கொடுவா இல்லையென்றால் படையல் இல்லை. படையல் இல்லையென்றால் தம்பி சாகவில்லை. கதவைப் பூட்டித் திறப்பை விழுங்கியதுபோலத்தான் அத்தான் சொன்னது. அக்கா சமையலறைக்குள் போனாள். அன்றைக்குப் பிறகு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. பசியோடு ஒருவன் வீட்டைச் சுற்றித் திரிகையில் எப்படிச் சோறு இறங்கும் என்று என்னிடம் கேட்டாள். அத்தானும் மீனைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கடல்நீரேரி மீனை ஊர்ச் சனம் அப்போது சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஏனென்று எவரும் விளக்கத் தேவையில்லை.

கொடுவாவின் கண்ணைப் பற்றி அத்தான் முன்பு நிறையச் சொல்லியிருக்கிறார். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் பட்டால் தண்ணீருக்குள் அது தணல்போல எரியுமாம். தம்பி விளக்கைப் பிடிக்க, இவர் வீச்சுவலை எறிவாராம். அவன் சிரிப்பு அடக்க முடியாதவன். விளக்கு ஆடும். "கையை ஆட்டாதயடா" என்று இவர் ஏசுவாராம். ஏசிய ஏச்சை எங்களுக்குச் சொல்லிக் காட்டும்போது அவரே சிரிப்பார். அதெல்லாம் முன்பு.

இந்த நிலையில்தான் வான் அண்ணை வந்தார். அத்தானோடு ஒரே பேக்கரியில் வேலை. பாண் ஏற்றிப் போகும் வானை ஓட்டுகிறவர். என்ன நடக்கிறது என்று தெரியாமல், அத்தான் கொடுவா தேடுகிறார் என்று மட்டும் யாரிடமோ கேள்விப்பட்டு, நல்லது செய்கிற சந்தோசத்தோடு படியேறி வந்தார்.

"மச்சான், கொடுவா தானே வேணும்? இருக்கு."

"எங்க? ஃபிரீசருக்குள்ளயோ?"

"உயிரோட. தண்ணிக்குள்ள. எங்கட வேலையில நிக்கிற வெள்ளையன் ஒருத்தன் சொன்னவன். வடக்கால ஒரு நீர்த்தேக்கமாம், ஒண்டரை மணித்தியால ஓட்டம். முதுகில முள்ளாம். வாய் இவ்வளவாம். டோர்ச் அடிச்சாக் கண் மின்னுமாம். கொடுவாவுக்கு வேற என்ன வேணும், பாஸ்போர்ட்டோ?"

அத்தானின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வான் அண்ணை அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எங்களைப் பெற்ற அப்புவுக்குக் கைநாட்டு. அக்கா மூன்றாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவள். நான் இங்கே பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசயம் தெரிந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தானே என்னைப் படிப்பித்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். மறுநாளே நூலகத்துக்குப் போய் மீன் புத்தகங்களைப் புரட்டினேன். மாலையில் வந்து சொன்னேன்.

"அத்தான், கொடுவா சூட்டு நாட்டு மீன். இந்தக் குளிர்த் தண்ணியில ஒருநாளும் இருக்காது. அண்ணை சொல்லுறது சாண்டர் எண்டு வேற மீன். கொடுவா மாதிரித்தான் இருக்கும், கண்ணும் மின்னும். ஆனாக் கொடுவா இல்லை."

"புரபசர் தீர்ப்புச் சொல்லிப்போட்டார்" என்றார் வான் அண்ணை. "டேய், நாங்களும் இந்தக் குளிரில இருக்க மாட்டம் எண்டுதான் ஊரில சொன்னவை. இருக்கிறம் தானே?"

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அப்போது சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கோபமில்லாத, களைத்த குரல்.

"போய்ப் பாத்திட்டுத்தான் வாங்கோவன். கிடைச்சா வைக்கிறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். அக்கா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தாள். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத் துடக்கு வீட்டுச் சைவச் சாப்பாடு. வான் முழுக்கப் பாண் வாசனை. வெள்ளைக்கார நண்பனிடம் இரவல் வாங்கிய தூண்டில் தடிகள் பின்னால் கிடந்து உருண்டன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் எதிரே பாதை தெரியாதபடி பனிப்புகார் தொடங்கியது. கிராமத்துக் கடையில் நான் போய் மூன்று பேருக்கும் நாள் டிக்கெட் வாங்கினேன். கடைக்காரப் பெண் எங்கள் வானை யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, புகார் இறங்கினால் நடைபாதையை விட்டு விலகாதீர்கள் என்றாள்.

நீர்த்தேக்கத்தை நாங்கள் உடனே காணவில்லை. புல் சரிவு ஒன்றில் இறங்கினோம். புல் முடிந்த இடத்தில் சாம்பல் நிறம் தொடங்கியது. அதுதான் தண்ணீர் என்று ஒரு கல்லை எறிந்துதான் தெரிந்துகொண்டோம். அலை இல்லை. எனக்கு முதலில் பயம் தந்தது வேறொன்று. அந்தத் தண்ணீருக்கு வாசமே இல்லை. எங்கள் கடல்நீரேரி காற்பங்கு மைல் தூரத்திலேயே சேறும் உப்புமாக மணக்கும். இவ்வளவு பெரிய தண்ணீரின் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சியும் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு கொங்கிறீட் கோபுரம் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி நின்றது. புகார் அசையும்போது அது வருவதும் போவதுமாக இருந்தது.

"லண்டன் குடிக்கிற தண்ணியோ இது?" வான் அண்ணை குரலைத் தாழ்த்தியிருந்தார். "நாங்கள் மூண்டு பேரும் இஞ்ச நிக்கிறதை யாரும் கண்டா என்ன நினைப்பினம்? புரபசர், ஒண்டும் கலக்க வரேல்லை எண்டதை இங்கிலீசில பாடமாக்கி வை."

அவர் இரைக்கென்று உறையவைத்த சூடை மீன்களைக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு தடி. அத்தான் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். எறிவார், மெதுவாகச் சுற்றி இழுப்பார், தூக்கிப் பார்ப்பார், மறுபடி எறிவார். ஊரில் பழகிய கை. எறிந்த இடத்தில் தண்ணீர் சத்தம்கூடப் போடாது. மத்தியானம் புட்டுப் பொட்டலத்தைக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவர் தூக்கிய நூலின் முனையில் ஒன்றும் இல்லை. இரை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் அப்படியே மறுபடி எறிந்தார். கால்மாட்டில் சூடைப் பொதி அவிழ்க்காமல் கிடந்தது. காலையிலிருந்தே வெறும் தூண்டில்.

நான் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வான் அண்ணையிடம் சொல்லவில்லை.

பின்னேரமாக ஆகப் புகார் இன்னும் தடித்தது. கார்த்திகை மாதம். நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். வான் அண்ணைக்கு ஒரு சின்ன மீன் பட்டு அறுத்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். புறப்படலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் நின்றான்.

நடக்கவில்லை. நின்ற நிலையிலேயே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே புகார். சத்தம் இல்லை. வான் அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தான் தடியைக் கீழே போட்டுவிட்டார். தண்ணீர் விளிம்புக்கு இறங்கினார். சப்பாத்து நனைவதும் தெரியாமல் இன்னும் ஓர் அடி வைத்தார். கையை நெற்றிக்கு வைத்து, கண்ணைச் சுருக்கி, அந்த ஆளின் முகத்தைத் தேடினார். அவருடைய உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

பிறகு மரத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் வந்தது. தட்டையான படகு. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு தடியை ஊன்றி நின்றபடி வந்த நீர்த்தேக்கக் காவலாளி. நரைத்த, சிவந்த முகம். டிக்கெட்டுகளைப் பார்த்தார். நான்தான் பேசினேன். மரியாதையான மனிதர். விதியையும் விளக்கினார். எது பிடிபட்டாலும் உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒன்றைத் தவிர. சாண்டர் பிடிபட்டால் விடக் கூடாது. அது இந்தத் தண்ணீரின் மீன் இல்லை, யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டது, மற்றதையெல்லாம் தின்கிறது. பிடிபட்டது பிடிபட்டதுதான், திரும்பிப் போகாது. அதை அடித்துக் கொல்வதற்கென்று ஒரு குட்டையான தடியைப் படகில் வைத்திருந்தார். அதை எடுத்தும் காட்டினார்.

"என்னவாம்?" என்றார் வான் அண்ணை.

சொன்னேன்.

"பார் மச்சான் ஞாயத்தை. எங்களைத் திருப்பி அனுப்பப் பாக்கினம். மீனைத் திருப்பி விடாத எண்டினம்." சிரித்தார். பயம் தெளிந்த சிரிப்பு. அத்தான் சிரிக்கவில்லை. ஈரச் சப்பாத்தோடு மேலே ஏறி, போட்ட தடியை எடுத்தார்.

காவலாளி கரையோரமாகப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தான் கடைசியாக நூலைச் சுற்றினார். இரையில்லாத நூல். பாதியில் அது நின்றது.

கல்லில் மாட்டியதென்றுதான் நான் நினைத்தேன். தடி வளைந்தது. நூல் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? நீ பார்த்தாய்தானே, நான் ஒன்றும் வைக்கவில்லைத்தானே என்று கேட்பதுபோல இருந்தது. மின்னுகிற எதையும் கொத்துகிற மீன் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வெறும் தூண்டில் ஊசியின் மினுக்கம் போதும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் அடி பின்வாங்கினேன்.

"டோர்ச்சைப் பிடி" என்றார்.

பிடித்தேன். சாம்பல் தண்ணீருக்குள் முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு வெளிச்சங்கள், பக்கத்துப் பக்கத்தில், கீழிருந்து எழும்பி வந்தன. அதைச் சுற்றி மீன் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கண்கள் மட்டும் வந்தன. டோர்ச் வெளிச்சம் ஆடியது.

"கையை ஆட்டாதயடா."

அந்தக் குரலை நான் முன்பு அவர் சொல்லிக் காட்டும்போதுதான் கேட்டிருக்கிறேன்.

மீன் புல்லில் கிடந்தது. முதுகில் முள், பெரிய வாய், வெள்ளி வயிறு. வான் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, "கொடுவாதான்!" என்று துள்ளினார். அத்தான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீ படிச்சனி. சொல்லு. இது கொடுவாவோ?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். ஓம் என்று சொன்னால் நாளைக்குப் படையல். அக்கா சாப்பிடுவாள். அந்த அம்மா நித்திரை கொள்ளுவா. அவன் செத்துவிடுவான். இல்லை என்று சொன்னால் அவன் இன்னும் எங்கேயோ இருப்பான், பசியோடு. பரீட்சைகளில் எத்தனையோ கேள்விகளைக் கண்டவன் நான். ஒரு மனிதன் சாவதும் இருப்பதும் என் பதிலில் கிடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"இல்லை, அத்தான். சாண்டர்."

அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல மலர்ந்தது. தூண்டிலைக் கழற்றினார். இரண்டு கையாலும் மீனை ஏந்திக்கொண்டு தண்ணீருக்குப் போனார். காவலாளி வந்து குறுக்கே நின்றார். கையை உயர்த்தவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், அதை விட முடியாது என்றார். நான் மொழிபெயர்க்க முன்னமே அத்தானுக்கு விளங்கிவிட்டது.

"விட ஏலாதாமோ?"

"ஏலாதாம்."

"நான் ஒண்டும் வைக்கேல்லை எண்டு சொல்லு. தானா வந்தது எண்டு சொல்லு."

சொன்னேன். அந்த மனிதர் அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எப்படி வந்திருந்தாலும் ஒன்றுதான் என்றார். வேண்டுமானால் தானே செய்துவிடுவதாகச் சொல்லி, அந்தக் குட்டைத் தடியை எடுத்தார். அத்தான் தலையாட்டி மறுத்து, தடிக்குக் கையை நீட்டினார். எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தினார். ஒரு சத்தம், அவ்வளவு பெரிய சத்தமும் இல்லை. தண்ணீருக்கு மேலே போய் அந்தக் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. நான் டோர்ச்சை அணைக்க மறந்திருந்தேன். செத்த பிறகும் அந்தக் கண்கள் அணையவில்லை. வெளிச்சம் படுகிற பக்கமெல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

திரும்பும்போது வான் அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை. மீன் ஒரு பிளாஸ்டிக் பையில் அத்தானின் மடியில் இருந்தது. பின்னால் வை என்று சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. லண்டன் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"தூண்டிலில ஒண்டும் இருக்கேல்லை."

"தெரியும், அத்தான்."

"எப்ப கண்டனி?"

"மத்தியானம்."

தலையாட்டினார்.

கதவைத் திறந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள். வாங்கி, சிங்க்கில் வைத்துப் பிரித்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கடற்கரையில் பிறக்காவிட்டாலும் மீன் தெரியாதவள் இல்லை அவள்.

"கொடுவாவோ?" என்றாள், திரும்பாமல்.

நான் வாயைத் திறந்தேன். அத்தானின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. தட்டவில்லை. உட்கார்ந்து அப்படியே இருந்தது.

"ஓம்" என்றார் அத்தான். "கொடுவாதான்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா விடியவே எழும்பி மிளகாயும் மல்லியும் வறுத்துக் கூட்டினாள். தலையைத் தனியாகப் புளி விட்டுக் குழம்பு வைத்தாள். அவனுக்குத் தலைதான் வேண்டும். நடுமுறியைப் பொரித்தாள். முருங்கைக்காய், கத்தரிக்காய், அவன் சின்னவயதில் களவெடுத்துத் தின்ற எள்ளுப்பாகு. வான் அண்ணை கிரீன் ஸ்ட்ரீட்டில் வாழையிலை வாங்கி வந்தார். இப்போது அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. வாசலிலேயே இலையைத் தந்துவிட்டு, "நான் நிக்கேல்லை, மச்சான்" என்று போய்விட்டார்.

முன்னறையில் என் மெத்தையைச் சுருட்டி வைத்தோம். நிலத்தைத் துடைத்து, இலையை விரித்துப் படைத்தோம். செம்பில் தண்ணீர். ஒரு குத்துவிளக்கு. அத்தான் இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, விருந்தாளிக்குச் செய்வதுபோல, செம்பை இலைக்குக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மூன்று பேரும் படிக்கட்டு முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். கீழே கோழிக்கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது.

அதை வெளியே எடுத்து வைக்க எங்களில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. வயரும் அவ்வளவு நீளமில்லை. சாத்திய கதவுக்குள்ளே, இலைக்கு இரண்டடி தள்ளி, அது அடித்துக்கொண்டிருந்தது. அத்தானின் கை கதவுப்பிடிக்குப் போனது. எத்தனையோ மாதமாக அந்த மணிக்காகவே காத்திருந்த மனிதர். பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்தன. அவர் திறக்கவில்லை.

அக்காவால்தான் தாங்க முடியவில்லை. படையல் வைக்க வேண்டும் என்று நின்றவள் அவள்தான்.

"எடுங்கோவன்" என்றாள். அழுகிறாள் என்பது குரலில்தான் தெரிந்தது. "இஞ்சேருங்கோ, ஒருவேளை... எடுங்கோ."

மணி அடித்தது. அத்தான் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"பொறு" என்றார். "அவன் சாப்பிடட்டும்."

அது நெடுநேரம் அடித்தது. அழைப்பவர்கள் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. பிறகு, யாரோ எடுத்துவிட்டதுபோல, ஒரு மணியின் நடுவிலேயே நின்றது. அதற்குப் பிறகு உள்ளே இருந்த அமைதியில் நாங்கள் மூவரும் மூச்சையும் சத்தமில்லாமல் விட்டோம். யாருடைய அழைப்பென்று இன்றுவரைக்கும் தெரியாது. கொழும்பில் இருந்த அத்தானின் அம்மா, தான் கூப்பிடவில்லை என்றா. மறுபடி அது வரவும் இல்லை.

வழக்கத்தைவிடக் கனநேரம் நின்றோம். கடைசியில் அத்தான் ஒருமுறை செருமினார், உள்ளே ஆளிருக்கும் அறைக்குள் நுழைகிறவர் செருமுவதுபோல. பிறகு மெதுவாகக் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலை வைத்தபடியே இருந்தது. மீன் தலையின் கண் குழம்பில் வெந்து, மற்ற எல்லா மீன்களின் கண்ணையும்போல வெள்ளையாகக் கிடந்தது. ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது. அத்தான் அதைத் தொடவில்லை. இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, மீனோடு சேர்த்து முதல் பிடியை அக்காவிடம் நீட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை.